பதினொன்று பத்துக்கு வரும் அழைப்பு

ஜூலை 2, புதன்

டைம் ஆபீசில் பழைய பதிவேடு ஒன்று எழுதாமல் கிடந்தது. கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் அச்சடித்திருக்கிறது: தேதி, வண்டி, வந்த நேரம், புறப்பட்ட நேரம், குறிப்பு. பவானி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் பத்து வருஷம் இந்தக் கட்டங்களைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கண்டக்டர் கெஞ்சினாலும் சரி, இரண்டு நிமிஷம் தாமதம் என்றால் இரண்டு நிமிஷம் தாமதம் என்றுதான் எழுதுவேன். பூபதி கல்நெஞ்சுக்காரன் என்று பஸ் ஸ்டாண்டே பேசும். பேசட்டும்.

இனி இது போன் தொல்லை நோட்டு. இன்று மட்டும் ஏழு அழைப்பு. பெருந்துறைப் பக்கம் வீட்டு மனை இரண்டு, கிரெடிட் கார்டு மூன்று, மூட்டுவலித் தைலம் ஒன்று, எனக்கு ஏதோ பரிசு விழுந்திருப்பதாக ஒன்று. எனக்கு விழுகிற பரிசைப் பற்றி எனக்குத் தெரியாதா? அட போங்கய்யா!

டைம் ஆபீசில் எனக்கு சீனியர் ஜமால் அண்ணன். நுகர்வோர் சங்கத்தில் உறுப்பினர். அவர்தான் சொன்னார். "கத்திப் பிரயோஜனமில்ல பூபதி. 1909க்கு மெசேஜ் போட்டு வேண்டாம்னு பதிஞ்சுக்க. அதுக்கப்புறமும் எவனாவது கூப்பிட்டா, ஏழு நாளைக்குள்ள புகார் குடு. எந்த நம்பரு, எந்தத் தேதி, என்ன பேசினான், மூணும் வேணும்."

நேரம் குறிக்க எனக்கா சொல்லித் தர வேண்டும்? வண்டி என்ற இடத்தில் நம்பர். வந்த நேரம், வைத்த நேரம். பிரமாதமாகப் பொருந்துகிறது.

மெசேஜ் அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரி வாணி எட்டிப் பார்த்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. மார்ச்சுக்குப் பிறகு அவள் எதையும் கேட்பதில்லை.

ஜூலை 5, சனி

மனை 2. தைலம் 1. பதிவு முழுசாக அமலுக்கு வர ஒரு வாரம் ஆகலாமாம். ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை.

ஜூலை 9, புதன்

காலை 11.10. 140 என்று தொடங்கும் நம்பர். ஒரு பெண் குரல்.

"வணக்கம் சார், பிஞ்சுக்கூடு பேபி ஷாப்புல இருந்து பேசறோம். எழில் பாப்பாவோட அப்பாங்களா?"

"யாரு?"

"எழில் பாப்பாவுக்கு இன்னியோட மூணு மாசம் முடியுதுங்க சார். வாழ்த்துக்கள்! பாப்பா இப்ப முகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிருப்பாங்களே..."

ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். 11.11. எவனோ ஒரு புண்ணியவான் தன் குழந்தைக்கு என் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறான். தன் நம்பரே தெரியாத ஆள் எல்லாம் அப்பனாகிவிட்டால் இப்படித்தான்.

பிறகு அந்தியூர் வண்டிக்கு நேரம் குறிக்கும்போது 11.25 என்பதை 11.52 என்று எழுதிவிட்டேன். கண்டக்டர் காட்டித் தந்தான். எனக்கு இப்படி ஆனதே இல்லை.

ஜூலை 10, வியாழன்

ஜூலை ஒன்பதில் மூன்று மாசம் என்றால் ஏப்ரல் ஒன்பது.

டாக்டர் எங்களுக்குக் குறித்துக் கொடுத்த தேதியும் அதுதான். ஊரில் அன்றைக்கு எத்தனையோ குழந்தைகள் பிறந்திருக்கும். இது போன் தொல்லை நோட்டு. மார்ச் மாசத்தைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

ஜூலை 17, வியாழன்

மூன்று நாளாக ஒரு அழைப்பு இல்லை. மனைக்காரன், தைலக்காரன், கார்டுக்காரன் எல்லாரும் போன இடம் தெரியவில்லை. ஜமால் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சட்டம் தெரிந்தவனை யாரும் ஏய்க்க முடியாது.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. போன் அடித்துக்கொண்டிருந்தவரை இது தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மதியத்துக்கு மேல்தான் டியூட்டி. காலையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு முடி வெட்டப் போனேன். கடையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று பத்து ஆனது, ஆகிக் கழிந்தது. திரும்பி வந்து போனைப் பார்த்தேன். எடுக்காமல் விட்ட அழைப்பு எதுவும் திரையில் இல்லை. ஒழிந்தது சனியன்.

ஒரு விஷயம். வாணி பின் அறை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். தொட்டில் வாங்கிப் போட்டிருந்த அறை அது. ஏப்ரலில் தொட்டிலைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து பூட்டியே கிடந்தது.

"காத்தே வர்றதில்லீங் மாமா. அதான் தொறந்தேன்," என்றாள்.

கத்திரிக்காய் வதக்கியிருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் உப்பு சரியாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். மனசு தேறி வருகிறாள் என்று நினைக்கிறேன். எதையும் கிளறாமல் விட்டதுதான் நல்லதாயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை டியூட்டி. 11.10க்கு போன் அடித்தது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. என் வண்டிகளில் ஒன்று கூட இப்படி வராது.

"வணக்கம் சார், எழில் பாப்பாவோட அப்பாங்களா? பாப்பாவுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சிருக்குதுங்க. போன மாசம் அம்மாகிட்ட பேசினமுங்க சார். பாப்பா குப்புற விழுந்துட்டான்னு சந்தோசமாச் சொன்னாங்க. இப்ப உக்கார வெச்சாத் தலை நிக்குதுங்களா?"

எந்த அம்மா என்று கேட்டேன். கேட்டது என் குரல் மாதிரியே இல்லை.

"கோகிலவாணி அம்மாங்க சார்."

போனைக் காதில் வைத்தபடியே ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சத்தி வண்டிக் கண்டக்டர் கையெழுத்துக்காகச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றான். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"இங்க பாரும்மா. பாப்பா இல்ல."

"ஊருக்குப் போயிருக்காங்களா சார்?"

"பொறக்கும்போதே இல்ல."

அவளுக்குப் பின்னால் வேறு பெண்கள் வேறு வேறு வீடுகளுக்கு வாழ்த்துச் சொல்வது மட்டும் கேட்டது.

"சாரிங்க சார்," என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "சத்தியமா எங்களுக்குத் தெரியாதுங்க. ஸ்க்ரீன்ல தேதி வரும், பேர் வரும், நாங்க கூப்பிடுவோம். இப்ப நான் ஏதாவது ஒண்ணைப் போட்டாத்தான் உங்க நம்பர் லிஸ்டுல இருந்து போகும். ஆனா இதுக்கு இங்க எதுவுமே இல்லீங்க சார்."

"என்னென்ன இருக்குது?"

"பிஸி. அப்புறம் பேசவும். ராங் நம்பர். விருப்பமில்லை. நாலுதாங்க சார். ராங் நம்பர்னு போடட்டுங்களா?"

"வேண்டாம்."

"அப்ப விருப்பமில்லைன்னு..."

"அதைப் போடாதே!" என்று கத்திவிட்டேன். ஜமால் அண்ணன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதைப் போடாதேம்மா. அதை மட்டும் போடாதே."

"வேற என்னங்க சார் பண்றது?"

அந்தப் பேரை யார் கொடுத்தது என்று கேட்டேன். விண்ணப்பத்தில் இருக்கிறது, கேட்டால் நகல் அனுப்பச் சொல்கிறேன் என்றாள். மெயில் முகவரி சொன்னேன். "நீங்க தைரியமா இருங்க சார்," என்றாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தி இரண்டு வயசு இருக்குமா? 11.19.

அப்புறம் போனில் பழைய அழைப்புகளைத் தேடினேன். ஆகஸ்ட் 9, 11.10. பதினான்கு நிமிஷம் பேசியிருக்கிறது. நான் முடி வெட்டிக்கொண்டிருந்த நேரம்.

சத்தி வண்டி என் கையெழுத்து இல்லாமலே போய்விட்டது.

செப்டம்பர் 10, புதன்

1909ல் புகார் கொடுத்தேன். நம்பர், தேதி, பேசியது. பேசியது என்ற இடத்தில் 'குழந்தைப் பொருள் விற்பனை' என்று எழுதினேன்.

வாணியிடம் ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

புகாருக்குப் பதில் வந்துவிட்டது. வாடிக்கையாளர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருக்கிறார், ஆகவே இது தொல்லை அழைப்பு ஆகாது, புகார் முடிக்கப்பட்டது. நகலும் வந்திருந்தது.

ஈரோட்டில் வளைகாப்புச் சேலை எடுத்த அன்று கடை வாசலில் ஒரு மேஜை போட்டு விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பில் போட வரிசையில் நின்றேன். அந்த நேரத்தில் எழுதியிருக்கிறாள். அம்மா பேர் கோகிலவாணி. போன் நம்பர் என்னுடையது. எதிர்பார்க்கும் தேதி ஏப்ரல் 9. 'அழைக்கச் சம்மதம்' என்ற இடத்தில் ஒரு டிக். அதற்கு மேலே, 'பாப்பாவுக்கு நினைத்திருக்கும் பெயர்' என்ற கோட்டின் மேல், வாணியின் குண்டு குண்டான எழுத்தில் எழில்.

எனக்கு அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கவும் முடியாது. குழந்தை கைக்கு வருகிற வரைக்கும் பேர் வைக்கக் கூடாது, துணி எடுக்கக் கூடாது என்று அவள் அம்மா நாளுக்கு நாலு தடவை சொல்வாள். நானே வாங்கிய தொட்டிலுக்கு என்ன பேச்சுக் கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆணா பெண்ணா என்றும் தெரியாது அல்லவா, அதனால் இரண்டுக்கும் பொருந்துகிற பேராகப் பார்த்து வைத்திருக்கிறாள். வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லாமல், முன்பின் தெரியாத கம்பெனிக்காரனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பேர் எழுதியதால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளோ? பைத்தியக்காரி. அப்படியெல்லாம் இல்லை அம்மிணி என்று சொல்ல வேண்டும். சொன்னால் போன் விஷயம் எனக்குத் தெரியும் என்பதும் வெளியே வரும். ரசம் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஜமால் அண்ணனிடம் நகலைக் காட்டினேன். பேர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குடுத்த அனுமதியைத் திருப்பி வாங்கிக்கலாம் தம்பி. அது உன்ற உரிமை. போன் கம்பெனி ஆப்புலயே இருக்குது. வாங்கிட்டீனா அவன் கூப்பிடக் கூடாது. தொண்ணூறு நாளைக்கு மறுபடி அனுமதி கேக்கவும் கூடாது. எவனாவது போன்ல ஓடிபி கேட்டா மட்டும் குடுத்துராத."

"சரிங்கண்ணா."

"வீட்ல ஒரு வார்த்த கேட்டுக்கிட்டியா?"

"கேக்கறதுக்கு என்னங்கண்ணா இருக்குது?"

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஜமால் அண்ணனிடம் டியூட்டி மாற்றிக்கொண்டேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, மாவு அரைக்கப் போகிறேன் என்று அரிசித் தூக்கோடு கிளம்பி, மாடிப் படியில் போய் உட்கார்ந்தேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி. அடுக்களை ஜன்னல் அதற்கு நேர் கீழே.

11.10. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்... ஆமாங், எழிலு அம்மாதானுங் பேசறன்... ஆறு மாசமுங். உக்காந்துக்கிறாளுங். தலகாணி முட்டுக் குடுத்தாச் சாயாம உக்காந்துக்குவா... பல்லு இன்னும் வல்லீங்... இல்லீங், அவிய அப்பா வேலைக்குப் போயிட்டாருங். அவருன்னா உசுரு அவளுக்கு. வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், வாசலையே பாக்குமுங்."

சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் சிரிப்பை நான் கேட்டது அப்போதுதான். கையிலிருந்த தூக்கு சரிந்து அரிசி படியெல்லாம் கொட்டியது.

போன மாசப் பெண்ணாக இருக்காது, வேறு பெண்ணாக இருக்கும். அவளுக்கு என்ன தெரியும்? ஸ்க்ரீனில் எதையும் போட வேண்டாம் என்று சொன்னவன் நான்தானே.

அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அதற்குள் பின் அறையில் அவள் யாருடனோ பேசும் சத்தம் கேட்டது. பேசி முடித்துப் போனை வைத்துவிட்டிருந்தாள். அப்புறமும் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, என் பெண்டாட்டியை நினைத்தே பயமாக இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

அனுமதியைத் திரும்ப எடுத்துவிட்டேன். மதியம் 12.40. உறுதி செய்து மெசேஜ் வந்தது. இனி அவர்கள் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் நடவடிக்கை எடுக்கலாம்.

அவள் நல்லதுக்குத்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருஷம் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கு கொடுத்தார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

வாணி பின் அறையைக் கழுவி விட்டாள். அடுத்த ஞாயிறு எனக்கு என்ன டியூட்டி என்று கேட்டாள். மதியம் என்றேன். காலையில் சந்தைக்குப் போவீங்களா என்றாள். போவேன் என்றேன்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். நானும்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

சந்தைக்குப் போகவில்லை. பத்தரைக்குச் சட்டையை மாட்டினேன், கழற்றினேன். கால் வலிக்கிறது என்றேன். வாணி சார்ஜில் இருந்த போனுக்குப் பக்கத்தில் கீரையை வைத்துக்கொண்டு ஆயத் தொடங்கினாள்.

11.05. 11.08. ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

11.10. அடிக்கவில்லை.

11.14க்குப் போனை எடுத்துப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். சார்ஜர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று அழுத்தினாள். 11.20க்கு என்னைப் பார்த்தாள்.

"மாமா, டவர் இருக்குதுங்களா?"

நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். போன மாசமே நிறுத்திவிட்டேன், அவர்கள் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடவும் கூடாது, எனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். தொண்ணூறு நாள் சட்டத்தைக்கூடச் சொன்னேன். எதற்குச் சொன்னேனோ, மடையன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்குப் பைத்தியமுன்னு நெனச்சுட்டீங்களா? அவ இல்லீன்னு எனக்குத் தெரியாதுங்களா? பெத்தவளுங் நானு." கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே பேசினாள். "நீங்க அவளப் பத்திப் பேச மாட்டேங்கறீங். எங்கம்மா பேசாதேங்குது. ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. மாசத்துல ஒருக்கா அந்தப் புள்ளைகதானுங் எழில் பாப்பா எப்படி இருக்குதுன்னு கேட்டாங்க. அவ பேரச் சொல்றதுக்கு இந்த ஒலகத்துல வேற ஆருங் இருக்கறாங்க?"

அவள் ஒடித்துப் போட்ட காம்புகளைப் பொறுக்கினேன்.

"நாந்தான் பேர எழுதுனேன். எங்கம்மா அத்தனை தடவ சொல்லியும் எழுதுனேன். அதனாலதான்..."

"அதனால இல்ல. அம்மிணி, அதனால இல்ல."

"அப்பறம் ஏனுங் எனக்கு அவ மூஞ்சியக்கூடக் காட்டாமக் கொண்டு போனீங்க?"

காட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பார்த்தால் மறக்க மாட்டாள் என்றார்கள். நானும் சரியென்றேன். வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். ஆட்டோவில் சுடுகாடு வரைக்கும் என் மடியில்தான் இருந்தாள். துணியை விலக்கி நான் மட்டும் பார்த்தேன். இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை.

அடுக்களைத் தரையில் அவள் எதிரே உட்கார்ந்து சொன்னேன். நிறைய முடி. நெற்றியில் பாதி வரைக்கும் முடி. மூக்கு உன்ற மூக்கு. காது மட்டும் என்னுது, மேல் நுனி மடங்கி. இடது கன்னத்தில் ஒரு மடிப்பு, தூக்கத்தில் சிரிக்கிற மாதிரி. விரல் நீள நீளமாக. நகம் வளர்ந்திருந்தது, வாணி. வெட்ட வேண்டிய அளவுக்கு வளர்ந்திருந்தது.

சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொருக்கா சொல்லுங், முதல்ல இருந்து சொல்லுங் என்றாள். நாலு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மடிந்த காது வரும்போது என் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"பேர் சொல்லிக் கூப்பிடுங் மாமா," என்றாள்.

கூப்பிட்டேன். எழில்! வீட்டுக்குள் என் குரலில் அந்தப் பேர் கேட்டது அப்போதுதான் முதல் தடவை. பின் அறை ஜன்னல் திறந்தே இருந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தோம். பார்த்துவிட்டு, அவள் கீரையை அலசப் போனாள்.

டியூட்டிக்குக் கிளம்பும் முன் இந்த நோட்டை அவளிடம் கொடுத்தேன். முழுசும் படித்தாள். படித்துவிட்டுப் பேனா கேட்டாள். புதுப் பக்கத்தில், வண்டி என்று அச்சடித்த கட்டத்தில் அவளே எழில் என்று எழுதினாள். விண்ணப்பத்தில் இருந்த அதே குண்டு எழுத்து. பேனாவை என்னிடம் நீட்டினாள்.

தேதி: மார்ச் 27. வந்த நேரம்: மாலை 4.35. பிரசவ அறை வாசலில் நின்று நான் பார்த்த கடிகாரம். பத்து வருஷமாகப் போகிற வருகிற வண்டிக்கெல்லாம் எழுதியவன், இதை ஏழு மாசமாக எழுதாமல் வைத்திருந்தேன்.

அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்தேன். வாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை எழுத வேண்டாமுங்," என்றாள்.

புறப்பட்ட நேரம் எழுதவில்லை.